நாலு தடவை திறந்த விமான நிலையம்

போன வாரம் கீழே சேலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "ஓடுதளத்தை நீட்டினாத்தான் சார் நம்ம ஏர்போர்ட் உருப்படும். அந்த விவசாயிங்கதான் முட்டுக்கட்டை" என்றார். சாப்பிடுகிற இடத்தில் சண்டை எதற்கு என்று பேசாமல் எழுந்துவிட்டேன். ஏற்காடு திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பேச்சுதான் மனதை அறுத்தது. அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையம் 1993இல் வந்தது. என்.இ.பி.சி. விமானம் கொஞ்ச காலம் வந்து நின்றது. பிறகு பல வருஷம் பூட்டுதான். 2009இல் கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறந்தது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஆக நாலு தடவை திறப்பு, மூன்று தடவை பூட்டு.

இதில் எந்தப் பூட்டு ஓடுதளம் போதாமல் விழுந்தது? நமக்கு இருப்பது சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் போகும் ஏடிஆர் விமானத்துக்கு அது தாராளம். கிங்ஃபிஷர் கம்பெனியே 2012இல் பறப்பதை நிறுத்திவிட்டது. உடானில் அரசு மானியம் மூன்று வருஷத்துக்குத்தான். நடுவில் கொரோனாவும் வந்தது. நின்றதெல்லாம் பணத்தால். பழி மட்டும் நிலத்தின் மேல்!

2018இல் விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? விமானம் நின்றால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும். கிணறும் தென்னையும் கொடுத்தவன் எங்கே போவான்?

ஜப்பானில் நோட்டோ என்று ஒரு சின்ன விமான நிலையம். 2003இல் திறந்தபோது உள்ளூர் அரசு விமான நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சராசரியாக நூற்றுக்கு எழுபது இருக்கை நிரம்பாவிட்டால் நாங்கள் பணம் தருகிறோம்; அதற்கு மேல் நிரம்பினால் நீங்கள் தர வேண்டும். ஊரே முனைந்து ஆள் சேர்த்தது. முதல் வருஷமே இலக்கைத் தாண்டி, நிறுவனம்தான் பணம் கொடுத்தது. விமான நிலையக் கட்டடத்திலேயே அரசு அலுவலகங்களையும் வைத்தார்கள். 2024 ஜனவரி 1 பூகம்பத்தில் ஓடுதளம் வெடித்தது; அந்த மாதக் கடைசியிலேயே பயணிகள் விமானம் மறுபடி இறங்கியது. தன் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்ற ஊர் அது.

நம் ஊரில் இரும்பாலை இருக்கிறது, வெள்ளிக் கொலுசு வியாபாரம் இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைகள், ஜவுளி, கல்லூரிகள் இருக்கின்றன. மேடையில் "விமானம் வேண்டும்" என்று முழங்குகிறவர்கள், மாதம் இத்தனை டிக்கெட் எங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போடட்டுமே. நேரமும் நமக்கு ஏற்றதாக வேண்டும். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிகாலை சென்னை. அதை விட்டுவிட்டு ஒருவன் விமானம் ஏற வேண்டுமானால், காலையில் போய் வேலை முடித்துச் சாயங்காலம் திரும்ப முடிய வேண்டும். விமான நேரத்தை ஒட்டி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் விட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சென்ட் நிலம் வேண்டாம்.

பெரிய விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற ஓடுதளத்தில் ஐந்து வருஷம் விடாமல் ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு போய் அந்த நாலு ஊர்க்காரர்களிடம் நிலம் கேளுங்கள். அதுவரை அவர்களை முட்டுக்கட்டை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.