வார்தா சேட்டின் கணக்கு

ஆகஸ்ட் பதினைந்து வந்தால் நம் சங்கங்களில் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைக்கிறோம். பாரதியார் நாலு பேர் வருவார்கள், கட்டபொம்மன் மூன்று பேர், ஜான்சி ராணி இரண்டு பேர், கொடியோடு திருப்பூர் குமரன் ஒருவர். வ.உ.சி. வந்தால் செக்கிழுத்துக்கொண்டுதான் வருவார், கப்பலோடு வருவதில்லை. அட்டையில் செக்கு செய்வது சுலபம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். தியாகம் என்றால் தூக்கு, குண்டு, தடியடி, சிறை என்றே நமக்குப் பழகிவிட்டது. கல்லாப்பெட்டியில் விழுந்த அடியை நாம் தியாகம் என்று எண்ணுவதில்லை.

வெள்ளைக்காரன் இங்கே வந்ததே வியாபாரத்துக்காக. அவனை உறைக்கிற இடத்தில் அடித்ததும் வியாபாரத்தில்தான். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானபோது மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி தனியொருவராக இரண்டு லட்சத்துக்குப் பங்கு வாங்கினார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு போட்டவர்களின் பணம் என்ன ஆயிற்று என்று எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதை எழுதத் தோன்றியதற்கு ஒரு சொல்தான் காரணம். 'மார்வாடி' என்ற சொல். நம் வீடுகளில் அது ஓர் ஊர்க்காரரைக் குறிக்கும் பெயராக இல்லை. அடகுக்கடை, வட்டி, கறார், கஞ்சத்தனம் எல்லாம் சேர்ந்த ஒரு வசைச்சொல்லாகி வெகு காலமாயிற்று. சங்கப் பொருளாளர் ரசீது கேட்டால், 'மார்வாடி மாதிரி பண்றார்' என்கிறோம். இருபது, முப்பது வருஷம் தில்லியில் குடியிருந்து, 'மதராசி' என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கிற நாமே இப்படிப் பேசுகிறோம். மலையாளியும் கன்னடியரும் தெலுங்கரும் நாமும் ஒன்றே என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டும்போது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் இன்னொருவரை மூட்டை கட்டலாமா? நம் பிள்ளைகள் பள்ளியில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் குழந்தையைப் பற்றி இந்தச் சொல்லை வீட்டில் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே ஒரு மார்வாடிக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நம்மில் பலர் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டரின் பெயர்தான் அது: பஜாஜ்.

ஜம்னாலால் பஜாஜ் 1889-ல் ராஜஸ்தானில் சீகருக்கு அருகே காசிகாபாஸ் என்ற சிற்றூரில், சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். வார்தாவில் பெரிய பருத்தி வியாபாரியாக இருந்த சேட் பச்ராஜ் அவரைச் சிறு வயதிலேயே பேரனாகச் சுவீகாரம் எடுத்தார். பதினேழு வயதில் ஒரு சம்பவம். கல்யாண வீட்டுக்கு நகை போட்டுக்கொண்டு வா என்று பெரியவர் சொல்ல, பையன் மறுக்க, வாக்குவாதம் முற்றி, பெரியவர் தன் சொத்தைப் பற்றிக் குத்திக் காட்டினார். பையன் முத்திரைத்தாளில் கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியேறினான். உங்கள் சொத்தில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், உடுத்தியிருக்கும் துணியோடு போகிறேன் என்பது அதன் சாரம். பிறகு சமாதானமாகித் திரும்பி வந்தது வேறு விஷயம். வெறும் காகிதத்தில் எழுதாமல் முத்திரைத்தாளைத் தேடி எழுதினான் பாருங்கள், கோபத்திலும் வியாபாரி வீட்டுப் பிள்ளை!

பிற்காலத்தில் அவர் தம்மைக் காந்திஜியின் ஐந்தாவது மகனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டதும், 1920 நாகபுரி காங்கிரஸில் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்ததும் பாடப் புத்தகங்களிலேயே இருக்கின்றன. அரசாங்கம் கொடுத்த ராவ் பகதூர் போன்ற பட்டங்களுக்கு அன்று என்ன மதிப்பு இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. கலெக்டர் ஆபீசில் நாற்காலி, கடனுக்கு நம்பிக்கை, பெண் கொடுக்கிற இடத்தில் மரியாதை எல்லாம் அதில் அடக்கம். ஜம்னாலாலுக்குக் கிடைத்தது ராய் பகதூர். 1921-ல் அதைத் திருப்பிக் கொடுத்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர்களின் குடும்பங்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று திலக் சுயராஜ்ய நிதிக்கு ஒரு லட்சம் கொடுத்தார். நீதிமன்றங்களையும் பகிஷ்கரிக்க வேண்டும் என்று காங்கிரஸ் சொன்னதன் அர்த்தத்தை ஒரு வியாபாரியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வராத கடனுக்கு வழக்குப் போட முடியாது. இது கடன் வாங்கியவனுக்கும் தெரியும்.

இவ்வளவும் ஆண்பிள்ளையின் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அந்த வீட்டு அம்மாளின் கணக்கு.

ஜானகிதேவி 1893-ல் ஜாவ்ராவில் பிறந்தவர். எட்டு, ஒன்பது வயதில் கல்யாணமாகி வார்தாவுக்கு வந்தார். முகத்தை மூடிய முக்காடு, கை நிறைய வளை, கால் நிறையக் கொலுசு என்பதுதான் அன்றைய மார்வாடி வீட்டுப் பெண்ணின் உலகம். நகையை விட்டுவிடு என்று கணவரிடமிருந்து கடிதம் வருகிறது. காந்திஜியின் விருப்பம் அது. அந்த அம்மாள் பொன்னைக் கழற்றினார். அதன் பிறகு உயிர் இருந்தவரை அணியவில்லை. நம் வீட்டில் ஒரு பெண் கழுத்தில் காதில் ஒன்றுமில்லாமல் ஒரு விசேஷத்துக்குப் போய் வந்தால் எத்தனை கேள்வி கேட்போம்! சுமங்கலிக்கு இது ஆகுமா என்று ஆரம்பித்து, 'வியாபாரம் நொடித்துவிட்டதாமே' என்பது வரை போகும். வியாபாரக் குடும்பத்தில் இந்த இரண்டாவது பேச்சு விளையாட்டல்ல. வீட்டுப் பெண்ணின் கழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் ஊர் கடன் கொடுத்த காலம் அது.

அடுத்தது முக்காடு போயிற்று. 1921-ல் பட்டும் மெல்லிய துணியும் போயின. வீட்டிலிருந்த அந்நியத் துணிகளைத் தீயில் போட்டுவிட்டுக் கதர் கட்டினார்கள். அன்றைய கதர் இன்று எம்போரியத்தில் கிடைக்கிற நைசான கதர் அல்ல. முரட்டு நூல், நனைந்தால் தூக்க முடியாத கனம். விதர்பா வெயிலில் அதை உடுத்திக்கொண்டு வீட்டு வேலை செய்வதை மேடையிலிருந்து சொல்வது எளிது.

துணியை எரித்தது சரியா என்று அப்போதே பெரிய சர்ச்சை எழுந்தது. தாகூருக்குச் சம்மதமில்லை. ஆண்ட்ரூஸ் மனம் நொந்து காந்திஜிக்கு எழுதினார். கட்டத் துணியில்லாத நாட்டில் நல்ல துணியை நெருப்பில் போடுவதா என்ற கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. நாம் தீண்டாததை ஏழைக்குக் கொடுப்பது அவனுக்கு அவமானம் என்ற காந்திஜியின் பதில் உயர்ந்ததுதான். ஆனால் குளிரில் நடுங்குகிறவனிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எது எப்படியிருந்தாலும், தன் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துக் கொடுத்த பெண்ணை அந்தச் சர்ச்சை தொடாது.

குழந்தைகளின் விஷயத்திலும் இதுவே. மூத்த மகள் கமலாவின் திருமணம் 1926-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஆடம்பரமின்றி நடந்தது. லட்சாதிபதி வீட்டு முதல் கல்யாணம்! நம்மவர்கள் இன்று மண்டப வாடகைக்கு வாங்கும் கடனை நினைத்தால் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று விளங்கும். ஜம்னாலால் 1923-ல் நாகபுரிக் கொடிச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்றார். 1930-ல் பம்பாய் விலே பார்லேயில் உப்புச் சத்தியாக்கிரக முகாமை நடத்திக் கைதானார். அதற்குப் பிறகும் பல முறை. 1932-ல் ஜானகிதேவியும் சிறை சென்றார். பின்னாளில் மகன் ராமகிருஷ்ணனும். சிறைக்குப் போனவரின் கடையை யார் பார்த்துக்கொள்வது? குமாஸ்தாக்கள்தான். முதலாளி இல்லாத கடையின் கணக்கு எப்படி இருக்கும் என்று கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்நியத் துணி வராவிட்டால் இந்திய மில்காரனுக்கு லாபம், அப்படியிருக்க அது தியாகமா, முதலீடா? பஜாஜ் குடும்பம் ஏழையாகிவிடவில்லையே, 1931-ல் சர்க்கரை ஆலை, 1945-க்குப் பின் வாகனம் என்று வளர்ந்துதானே போயிற்று?

வளர்ந்தது உண்மை. பகிஷ்காரத்தில் மில் முதலாளிகள் பலர் விலையை ஏற்றிப் பணம் பார்த்ததும் உண்மை. அதற்காக மில்காரரையும் துணி வியாபாரியையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. இறக்குமதித் துணி வியாபாரி மாதக்கணக்கில் முன்னதாக ஆர்டர் கொடுத்துவிட்டு, சரக்கின்மேல் கடன் வாங்கியிருப்பவர். பேல்கள் கிடங்கில் கிடக்கும், வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த வருஷம் அந்தக் கரையும் அந்தப் பூப்போட்ட தினுசும் விலைபோகாது. 1930-ல் பம்பாய் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட் வியாபாரிகள் கடையை மூடி, அந்நியச் சரக்கைக் கட்டி முத்திரையிட்டு வைத்தார்கள் என்றால், தங்கள் முதலை அவர்களே பூட்டி வைத்தார்கள் என்று அர்த்தம். எல்லோரும் மனமுவந்து செய்தார்களா? இல்லை. வாசலில் மறியல் செய்த பெண்களுக்கு அஞ்சிச் செய்தவர்களும், பின்கதவால் விற்றவர்களும் இருந்தார்கள். 1930 டிசம்பர் 12 அன்று காலபாதேவியில் அந்நியத் துணி ஏற்றிய லாரியின் முன்னே படுத்து உயிர்விட்ட பாபு கேனு ஒரு மில் தொழிலாளி. அந்தச் சரக்கு ஏதோ ஒரு வியாபாரியிடமிருந்துதான் வந்தது. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கணக்கு பேசுகிறது. 1920-21-ல் 102 கோடி ரூபாய்க்கு வந்த அந்நியத் துணி மறு வருஷம் 57 கோடியாக இறங்கியது. 1929-30-ல் 124 கோடியே 80 லட்சம் கஜம் வந்த பிரிட்டிஷ் துணி, அடுத்த வருஷம் 52 கோடியே 30 லட்சம் கஜம்தான். உலக வியாபார மந்தமும் இதில் ஒரு பங்கு. மீதிப் பங்கு வாங்க மறுத்த குடும்பங்களுடையதும் விற்க மறுத்த கடைகளுடையதும்.

பஜாஜ் குடும்பம் பிழைத்துக்கொண்டது. பிழைக்காதவர்களும் உண்டு. பம்பாயில் 1921 ஜூலை 31 அன்று பரேலில் காந்திஜி அந்நியத் துணிக் குவியலுக்குத் தீ வைத்தது உமர் சோபானி என்ற பருத்தி வியாபாரியின் மில் வளாகத்தில். 'யங் இந்தியா' பத்திரிகையைக் காந்திஜி கையில் ஒப்படைத்தவர்களில் அவரும் ஒருவர். பின்னர் பருத்திச் சந்தையில் பெரும் நஷ்டப்பட்டு 1926-ல் மறைந்தார். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு மேமன் முஸ்லிம் சேட், ஒரு மார்வாடி சேட், தூத்துக்குடிக் கப்பலுக்குப் பணம் போட்ட இன்னொரு சேட். 'சேட்' என்றதும் நம் மனத்தில் வருகிற படத்துக்கும் இவர்களுக்கும் ஏதாவது பொருத்தம் இருக்கிறதா?

கணக்கு பார்ப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. ஜம்னாலால் கதர் இயக்கத்தின் பணத்தை நிர்வகித்தவர். பொதுப்பணத்தில் காலணாவுக்குக்கூடக் கணக்குக் கேட்பவராக அவர் இல்லாமலிருந்தால் அகில இந்திய நூற்போர் சங்கம் நின்றிருக்காது. பணக்காரர்கள் தங்கள் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்று காந்திஜி எழுதியபோதெல்லாம் அவர் மனத்தில் இருந்தவர் இந்த வியாபாரிதான் என்பதை, 1942 பிப்ரவரியில் ஜம்னாலால் இறந்தபின் காந்திஜியே எழுதினார். கறாரும் கொடையும் ஒரே கையில் இருக்க முடியும். நம் பொருளாளரையும் ரசீது கேட்க விடுங்கள்.

கணவர் போனபின் ஜானகிதேவி வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார். கிணறு வெட்டித் தாருங்கள் என்று கேட்டு கூபதானம் வாங்கினார். 1956-ல் பத்ம விபூஷண் வந்தது. 1979-ல் காலமானார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நாகபுரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சேவாகிராம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஓடும் ரயில்கள் பலவும் அந்த வழியாகத்தான் போகின்றன. காந்திஜி 1936-ல் வந்து குடியேறிய ஆசிரமம் அங்கேதான், ஜம்னாலால் கொடுத்த நிலத்தில். பக்கத்திலேயே வார்தா. அங்கே அவருடைய குடும்பத்தின் லட்சுமிநாராயணர் கோயில் இருக்கிறது. 1928-லேயே, கேரளத்துக் கோயில் பிரவேசப் பிரகடனத்துக்கு எட்டு வருஷம் முன்பே, அரிஜன மக்களுக்குத் திறந்துவிட்ட கோயில். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, பிள்ளைகளோடு அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வண்டியைப் பிடிக்கலாம். டிக்கெட் வாங்கும்போதே பயணத்தை இரண்டாகப் பிரித்து முன்பதிவு செய்துவிட்டால் சிரமமிருக்காது.