கறுப்புத் திரையும் கெர்னலின் பந்தி வரிசையும்

ஆனைக்கரையில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த எங்கள் பள்ளியின் கணினி அறையில், ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் குனு/லினக்ஸ்தான் ஓடியது. பொத்தானை அழுத்தியதும் வெள்ளை எழுத்துகள் விரைந்தோடும். பிறகு திரை முழுவதும் கறுத்துவிடும். சில நொடிகள் கழித்தே முகப்புத்திரை தோன்றும். அந்த இடைவெளியில் கணினி கெட்டுவிட்டதென்று அஞ்சி மின்விசையை அணைத்துவிடும் மாணவர் ஒருவராவது எப்போதும் இருப்பார். பெரும்பாலும் அது நான்தான்.

அந்தக் கறுப்பு ஒரு கைமாற்றத்தின் தடம். திரையை முதலில் கெர்னல் வைத்திருந்தது. பின்னர் எக்ஸ் சர்வர் என்னும் வெளிநிரல் அதைத் தன் வசம் எடுத்து, எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து அமைத்தது. 2009இல் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் திரைகளுக்கான அமைப்புப்பணி கெர்னலுக்குள்ளேயே வந்த பிறகு அந்த இமைப்பு குறையலாயிற்று. ஆனால் 'யார் முதலில்?' என்ற கேள்வி தீரவில்லை. மேசைக் கணினியில் திரை அட்டை பிசிஐ பாதை வழியாகத் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். கைப்பேசியிலும் ஆய்வகப் பலகையிலும் அதற்கு வழியில்லை. அங்கே ஒரு சிறு திரை ஒளிர வேண்டுமானால் கடிகாரத் துடிப்பு, மின்னழுத்தச் சீராக்கி, நினைவக முகவரிகளை மாற்றித் தரும் ஐஓஎம்எம்யூ, பின்னொளி, இடையிலுள்ள பாலச் சில்லு, இறுதியாகத் திரைப்பலகம் ஆகிய அனைத்தும் ஆயத்தமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி இயக்கி. ஒன்றை எழுதியவர் மற்றொன்றை எழுதியவரை அறியார்.

லினக்ஸ் கெர்னல் தன்னுள் பிணைக்கப்பட்ட இயக்கிகளைப் படிநிலை படிநிலையாக அழைக்கிறது. ஒரே படிநிலைக்குள் எது முந்தும் என்பதை முடிவு செய்வது, மேக்ஃபைலில் எந்த வரி மேலே இருக்கிறது என்பதே. நான் மிகைப்படுத்தவில்லை. இயக்கிகளின் தலைமை மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்: திரை இயக்கிகள் ஐஓஎம்எம்யூவுக்குப் பின்னரே வர வேண்டும் என்று குறிப்புரை எழுதி வைத்திருக்கிறார்கள். என்விடியாவின் டெக்ரா சில்லுக்கு, திரை இயக்கி ஹோஸ்ட்1எக்ஸ் என்னும் மற்றோர் இயக்கியைச் சார்ந்திருப்பதால், இரண்டும் கெர்னலுக்குள்ளேயே இருக்கும்போது வரிசையைக் காக்க இணைப்பு வரிசையைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருளில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் ஒரு மென்பொருளில், உண்மையான காரணம் குறிப்புரையில் ஒதுங்கி நிற்க, வரியின் இடம் மட்டும் ஆட்சி செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கையாண்ட ஒரு பலகையிலும் திரை கறுப்பாகவே நின்றது. பலகையோடு வந்த நிரலில் முன்பே யாரோ பலக இயக்கியில் 200 மில்லிநொடி காத்திருப்பைச் செருகியிருந்தார்கள். அதனால் அவர்களுடைய கெர்னலில் திரை ஒளிர்ந்தது. நான் வேறு சில வசதிகளைச் சேர்த்துக் கெர்னலைக் கட்டியதும் காலக்கணக்கு பிறழ்ந்தது; திரை அணைந்தது. என் முதல் எதிர்வினை என்ன தெரியுமா? 200ஐ 500 ஆக்கியதுதான். ஒளிர்ந்தது. ஏன் ஒளிர்ந்தது என்று மூன்று வாரம் எவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

2012இல் 3.4 பதிப்பில் கிராண்ட் லைக்லி கொண்டுவந்த ஒத்திவைப்பு முறை இதற்கு ஒரு நாகரிகமான விடை. பந்தியில் சோறு கொண்டு வருபவர் இலை விழவில்லை என்று கண்டால், தரையில் கொட்டாமல் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நிற்கிறார். எந்த வேலை முடிந்தாலும் மறுபடி வந்து எட்டிப் பார்க்கிறார். இயக்கியும் அவ்வாறே 517 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தந்து காத்திருக்கிறது. வேறொரு சாதனம் வெற்றியாக இணைந்தவுடன் கெர்னல் மீண்டும் முயல்கிறது. இதில் வீண் அலைச்சல் உண்டு. பாதி அமைத்ததைப் பிழையின்றிக் கலைக்கத் தெரியாத இயக்கி ஒன்று இருந்தால் அங்கேயே சிக்கல். 2014இல் ரஸல் கிங் எழுதிய கூறுகள் சட்டகம், திரையின் எல்லா உறுப்புகளும் வந்து சேரும்வரை மொத்த இணைப்பையும் நிறுத்தி வைத்தது. அதன் விலை, ஓர் உறுப்பு வராவிட்டால் மொத்தத் திரையும் இல்லை.

என் பார்வையில் முதன்மையான திருப்பம் சரவண கண்ணன் எழுதி 5.7 பதிப்பில் சேர்ந்த எஃப்டபிள்யூ டெவ்லிங்க். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில், இந்தப் பலகத்துக்கு இந்தச் சீராக்கி மின்சாரம் தருகிறது என்று முன்பே எழுதியிருக்கிறதல்லவா? அந்தக் கூற்றைப் படித்து, வழங்குபவர் வரும்வரை பெறுபவரை அழைக்காமலேயே இருக்கலாம். வரிசையை எவரும் கட்டளையிடுவதில்லை. சார்பிலிருந்து அது பிறக்கிறது. இதுவும் எளிதாக நிலைபெறவில்லை. 5.12 வளர்ச்சிக் காலத்தில் இதை இயல்புநிலையாக்கியபோது சில பலகைகள் துவங்கவே இல்லை. மாற்றம் திரும்பப் பெறப்பட்டு 5.13இல் மீண்டும் வந்தது. திரைக் கட்டுப்படுத்தியும் பாலச் சில்லும் கோப்பில் ஒன்றையொன்று சுட்டும். அப்படியே நம்பினால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் என்றென்றைக்கும் காத்திருப்பார்கள். அத்தகைய சுழல்களைக் கண்டு தளர்த்தவும் நிரல் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபர்ம்வேர் ஏற்கெனவே ஒளிரச் செய்துவிட்ட திரையை, 5.14இல் வந்த சிம்பிள் டிஆர்எம் முழு இயக்கி வரும்வரை அப்படியே ஏந்திக்கொள்ளும். ஆனால் துவக்கத்தின் இறுதியில் கெர்னல், எவரும் உரிமை கோராத கடிகாரத் துடிப்புகளைச் சிக்கனம் கருதி அணைத்துவிடும். திரைக்கான துடிப்பும் அவற்றில் ஒன்றானால், மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மறையும். அந்தத் துடிப்பை டிவைஸ் ட்ரீயில் அந்தத் திரையின் பெயரில் எழுதி வைப்பதே தீர்வு.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? சென்னை ஐஐடியின் சக்தி வரிசைச் சில்லு 2018இலேயே லினக்ஸைத் துவக்கிக் காட்டியது. திருவனந்தபுரம் சி-டாக் வேகா செயலிகளை உருவாக்குகிறது. இவற்றைச் சுற்றி எழும் பலகைகளுக்கான டிவைஸ் ட்ரீயையும் இயக்கிகளையும் நம் மாணவர்களே எழுத வேண்டும். நாமோ இயங்குதளப் பாடத்தில் செயல்முறை அட்டவணையிடலையும் நினைவகப் பக்கங்களையும் கரும்பலகையில் முடித்துவிடுகிறோம். வன்பொருள் விவரணை எழுதுவதை எழுத்தர் வேலை என்று கருதும் ஆய்வுக் குழுக்களை நான் கண்டிருக்கிறேன். துவக்க நேரத்தில் 200 மில்லிநொடி குறைத்தால் கட்டுரை. அந்த 200 எங்கிருந்து வந்தது என்று கண்டறிந்து ஒரே வரியில் சார்பைப் பதிவு செய்தால் அது ஆய்வாகாது. இந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை.

வன்பொருள் என்றும் மாறாத கருவியில் நிலையான வரிசையே வேகமானது, சோதிப்பதற்கும் எளிது என்று என் ஆய்வக நண்பர் வாதிடுவார். ஒரு மருத்துவக் கருவியின் சிறுதிரைக்கு அது சரி. ஆனால் அந்த வரிசை எந்தச் சார்பிலிருந்து வந்தது என்பது எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நான் கேட்டால் பேச்சு தேநீருக்குப் போய்விடும்.

இந்தப் பருவத்தில் இயங்குதள ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் ஒரு பலகையும் சிறு திரையும் கொடுங்கள். டிவைஸ் ட்ரீயில் சீராக்கியைச் சுட்டும் வரியை மட்டும் நீக்கிவிட்டு, திரை ஏன் கறுத்தது என்று கண்டறியச் சொல்லுங்கள். ஒத்திவைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை டீபக்எஃப்எஸ் கோப்பகத்திலேயே படிக்கலாம். காத்திருப்பு நேரத்தைக் கூட்டி ஒளிரச் செய்பவருக்கு மதிப்பெண் தர வேண்டாம். பயிற்சித்தாளை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் செய்தி அனுப்பினால் தருகிறேன்.