கோழி வாட்டும் தட்டு

சகோதரிகளே, மாலைக்கடை போடும் எங்கள் சுயதொழில் குழுவில் நான் அடிக்கடி கேட்பது: "நெருப்பே கம்பித்தட்டைச் சுத்தமாக்கிவிடும் தானே, மிஸ்?" நெருப்பு கிருமியைக் கொல்லும், ஒட்டிய கொழுப்பை அகற்றாது. அது கரிந்து கசக்கும், திடீரெனத் தீப்பற்றும், அடுத்த கோழித்துண்டை ஒட்டிப் பிய்க்கும். பிய்ந்த துண்டை யார் வாங்குவார்? தனியே பிள்ளைகளை வளர்ப்பவருக்கு அது மறுநாள் அரிசிக்காசு.

நெருப்பை எடுத்தபின், சூடு தணியுமுன், நனைத்த பொச்சுமட்டையால் தேயுங்கள். ஆவி கையில் படும், கவனம். ஆறியதும் சவர்க்காரத்தால் கழுவி, உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசினால் துருப்பிடிக்காது. கம்பித்தூரிகை மட்டும் வேண்டாம். உதிர்ந்த கம்பியை இறைச்சியோடு விழுங்கிய 6 பேர் பற்றி 2012இல் அமெரிக்காவில் அறிக்கை வந்தது. குடல் துளைபட்டு சத்திரசிகிச்சை வரை போயிருக்கிறது.

அடுத்த சந்திப்புக்குத் தட்டுகளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து தேய்ப்போம்.