70 பேரை 120 ஆக்கலாமா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். முனைவர் பட்ட ஆய்வுக்கு 120 பேரிடம் வினாப்படிவம் கொடுத்திருக்கிறார். நிரப்பி வந்தது 70தான். "மீதி 50ஐ கம்ப்யூட்டர்லயே உருவாக்கிடலாம்னு சொல்றாங்க சார். சராசரியும் திட்டவிலக்கமும் துளிகூட மாறாது. அப்புறம் என்ன சார் தப்பு?" என்றார்.

மாறாது என்பது உண்மைதான். அந்த வித்தை பள்ளிக்கூடக் கணக்கு. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று எட்டு எண்கள். சராசரி 5, திட்டவிலக்கம் 2. எனக்குச் சராசரி 60, திட்டவிலக்கம் 10 வேண்டும். ஒவ்வொன்றிலும் 5ஐக் கழித்து, 2ஆல் வகுத்து, 10ஆல் பெருக்கி, 60ஐக் கூட்டுங்கள். 45, 55, 55, 55, 60, 60, 70, 80. போட்டுப் பாருங்கள், அச்சுப் பிசகாமல் வரும். நானும் வினாத்தாளுக்கு இப்படித்தான் கணக்கு செய்வேன். (பரீட்சையில் வர்க்கமூலம் முழு எண்ணாக வந்ததைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்.)

ஆனால் திட்டப்பிழை என்று ஒன்று உண்டே. திட்டவிலக்கம் 10 என்றால், அதை 70இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 1.2. 120இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.91. புதிதாக ஒரு ஆளையும் பார்க்கவில்லை, ஒரு கதவையும் தட்டவில்லை. ஆனாலும் "எனக்கு முன்னைவிட உறுதியாகத் தெரியும்" என்று எழுதுகிறோம். அங்கே சராசரி பொய் சொல்லவில்லை, அந்த 120 சொல்கிறது.

இன்னொன்று. 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு அட்டவணைகள் வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவுக் கெழு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைபடத்தில் போட்டால் ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளைகோடு, ஒன்றில் கோட்டை விட்டு விலகிய ஒற்றைப் புள்ளி, கடைசியில் பத்துப் புள்ளி செங்குத்தாக அடுக்கி ஒன்று மட்டும் தூரத்தில். அதுவும் பாடம் சொல்ல உருவாக்கிய எண்கள்தான். சொல்லிவிட்டுச் செய்தார், அதனால் பாடமாயிற்று.

நம் 50க்கு அப்படி என்ன உருவம் என்று யாருக்குத் தெரியும்? படிவத்தைத் திருப்பித் தராதவர்கள்தான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பார்களோ என்னவோ. தந்த 70 பேரின் அச்சிலேயே அவர்களையும் வார்த்துவிட்டால், அந்தக் கேள்வியே எழாது.

போனில் இதெல்லாம் எனக்குச் சொல்ல வரவில்லை. "தப்புப்பா" என்று மட்டும் கோபமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் அவர் கூப்பிடவில்லை.

தம்பி, இதைப் படித்தால் கூப்பிடு. 70ஐ வைத்தே எழுதலாம். 50 வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் ஒரு பத்தி எழுதுவோம். கணக்குப் போட நானும் உட்காருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.