செவிலியருக்குக் கைதட்டல் மட்டும் போதுமா?

பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் கர்ப்பமானால் முதலில் தேடிப் போவது யாரை? பெரும்பாலும் டாக்டரை இல்லை. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவைத்தான். ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்துவது எல்லாம் அவர் வேலை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. வீடு வீடாகப் போய்வந்த பிறகு பதிவேட்டையும் அவரே எழுத வேண்டும்.

2020-ஐ செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆண்டாக அறிவித்தது உலக சுகாதார நிறுவனம். கொரோனா வந்தது, ஊரே கைதட்டியது. அப்புறம்? 2023-லும் உலகில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்கிறது அதே நிறுவனத்தின் அறிக்கை. ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கிறார். இங்கே சம்பளம் கட்டுப்படியாகாதவர் விமானம் ஏறுவதைக் குறை சொல்ல முடியாது.

சுகப்பிரசவத்தைத் தாங்களே கவனிக்கும் அளவுக்குச் செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி தரும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. பயிற்சி முடித்தவருக்குத் தனிப் பணியிடமும் அதற்கேற்ற ஊதியமும் இருந்தால்தான் அது பலன் தரும்.

மே 12-ல் வாழ்த்து ஸ்டேட்டஸ் போடுவது நல்லதுதான். காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்பதுதான் உண்மையான நன்றி.