நன்றி சொல்லியாச்சு, மன்னிப்பு கேட்டாச்சா?

பொங்கலுக்கு இன்னும் நாலு நாள்தான். வாழ்த்துப் படங்கள் இப்போதே வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. இந்த முறை பதிலுக்குப் படம் அனுப்பாமல் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன புரட்டாசியில், அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் யூதப் பெண்மணி, அவள் மேஜைக்கே வந்து, "இந்த வருஷம் நான் ஏதாவது மனசு நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துவிடு" என்றாராம். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல டீச்சர்" என்றாள்.

யூதர்களின் புத்தாண்டு நம் புரட்டாசியை ஒட்டி வரும். ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள், கொம்பு ஊதுவார்கள். புத்தாண்டில் தொடங்கிப் பத்தாம் நாள் முழு உபவாசம். அன்றைக்குக் கடவுளிடம் மன்னிப்பு கேட்கிறார்கள். ஆனால் அதில் ஒரு கண்டிப்பு உண்டு. கடவுளுக்குச் செய்த தப்புக்குத்தான் அந்த உபவாசம். மனிதனுக்குச் செய்த தப்பு, அந்த மனிதனிடமே போய்க் கேட்டுச் சமாதானம் ஆகும்வரை தீராது. அவன் மறுத்தால் மூன்று முறையாவது போய்க் கேட்க வேண்டும் என்று அவர்கள் பெரியவர்கள் விதித்திருக்கிறார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் இன்றும் இருக்கிறது. தரையில் நீலப் பூவேலை செய்த சீன ஓடுகள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் மொழியில் நன்றியுணர்வுக்கு உள்ள சொல்லுக்கு நேர் அர்த்தம் 'நல்லதை அறிதல்' என்பதுதான். எனக்கு உடனே திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. செய்ந்நன்றி அறிதல். அங்கேயும் நன்றி என்றால் நல்லது என்றுதான் பொருள். பிறர் செய்த நல்லதை அறிந்து வைத்திருப்பதுதான் நாம் இன்று சொல்லும் நன்றி. இன்னொன்றும் உண்டு. எபிரேய மொழியில் நன்றி சொல்வதற்கும் தப்பை ஒப்புக்கொள்வதற்கும் ஒரே வேர்ச்சொல். யோசித்தால் சரிதான். இரண்டிலும் 'உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்' என்றுதானே ஒப்புக்கொள்கிறோம்!

நாம் இதில் பாதியை நன்றாகச் செய்கிறோம். சூரியனுக்குப் பொங்கல், மாட்டுக்குப் பொங்கல், ஏருக்கும் கலப்பைக்கும் குங்குமம். நன்றி சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. மன்னிப்பு கேட்பதில்தான் தயங்குகிறோம். கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போக மாட்டோம். அதுவும் வயதில் பெரியவர்கள் சின்னவர்களிடம் கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு நினைப்பு. எனக்கும் அது இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு வாரமாகத் தினமும் தாமதமாக வந்தான். துவைக்காத சட்டை, வீட்டுப்பாடம் கிடையாது. கேட்டால், "ஊரைக் காலி பண்றாங்க டீச்சர்" என்றான். "சாக்கு சொல்லாதே" என்று வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். சுரங்கத்துக்காக எடுத்த ஊர் அவன் ஊர் என்பதும், வீட்டு ஓட்டையும் கதவையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின்னும் அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

போன வருஷம் பழைய மாணவர்கள் கூடியபோது அவன் வந்து என் காலைத் தொட்டான். "நீங்க கண்டிச்சதாலதான் டீச்சர் நல்லா இருக்கேன்" என்றான். நான் சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் நன்றி சொன்னான், நான் வாங்கிக்கொண்டேன். என் பங்குக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்ததும் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும், "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்று நாற்காலியை எடுத்துப் போட்டான். அவன் அம்மாதான் விடவில்லை. "அந்த மூணு நாளும் புள்ள காலையில சாப்பிடாம வந்தான் டீச்சர். அடுப்பே இல்ல" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது. அவரிடமும் கேட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பதுதான் என் வேலை. கொடுப்பது அவர் விருப்பம்.

இதை ஏன் பொதுவில் எழுதுகிறேன் என்றால், இது என் ஒருத்தியின் கணக்கு மட்டும் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதும், அவர் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார் என்பதும் நெய்வேலிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கியது, 1962-ல் மின்சாரம். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் எந்தெந்த ஊர் போனது, அந்த ஊர்க்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நடத்தியதில்லை. மரமும் நிழலுமாக நாம் வாழ்ந்த வட்டங்கள் எல்லாம் யாரோ உழுத மண்.

"நட்டஈடுதான் கொடுத்தாச்சே" என்பீர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரம் இறங்கியது. அந்தப் பயிருக்கு நட்டஈடு கொடுக்க உயர் நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டாயம் வேண்டும், அதில் குறை வைக்கக் கூடாது. ஆனால் பணம் கணக்கைத்தான் தீர்க்கும். "உங்கள் மண்ணில்தான் நாங்கள் வளர்ந்தோம், உங்கள் வலி எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று ஒரு மனுஷர் நேரில் வந்து சொல்வது வேறு. அதைச் சட்டம் போட்டுச் சொல்ல வைக்க முடியாது. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

போகி அன்று பழையதைக் கொளுத்துகிறோம். பாய் எரியும், பகை எரியாது. அதனால் உங்கள் டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம் இதுதான். போகிக்கு முன்னால் ஒரே ஒருவரிடம் மன்னிப்பு கேளுங்கள். அண்ணன் தம்பியாக இருக்கலாம், வேலைக்கு வந்த அம்மாவாக இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவே இருக்கலாம். படம் அனுப்பாதீர்கள், குரல் கேட்கட்டும். முடிந்தால் காணும் பொங்கல் அன்று நேரில் போங்கள். அந்த நாளுக்குப் பெயரே அதுதானே.

இதைப் படிக்கும் உங்களில் வேறு யாரையாவது நான் காரணமில்லாமல் முட்டி போட வைத்திருந்தால், எனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கும். மன்னித்துவிடுங்கள். என் எண் உங்களிடம் இருக்கிறது. கூப்பிட்டுத் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்