ஸ்பானிஷில் குதிரைக்கு 'கை' உண்டு!

ஸ்பானிஷ் செயலிகள் பலவும் 'கபாயோ' என்றால் குதிரை, 'யேகுவா' என்றால் பெண் குதிரை என்பதோடு முடிச்சுக்கும். லாயத்தில் அது பத்தாது. முதல் சிக்கல் நிறம். ஆங்கிலத்தில் 'பே' குதிரைக்குப் பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி. அதே லத்தீன் வேரில் வந்த ஸ்பானிஷ் 'பாயோ'வோ வெளிர் மஞ்சள் குதிரை! பழுப்புக் குதிரை வேணும்னா 'கஸ்தான்யோ' என்றுதான் கேட்க வேண்டும். செந்நிறத்துக்கு 'அலசான்'. அடையாள ஆவணத்திலேயே நிறம் பதிவாகும் பிராணி இது. வாங்கும்போது உளறினால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

அடுத்தது கால். முன்னங்காலை 'மானோ' என்பார்கள், அதாவது கை. சிரிக்க வேண்டாம், "வலது கையில் வீக்கம்" என்று கால்நடை மருத்துவர் சொன்னால், பார்க்க வேண்டியது குதிரையின் முன்னங்காலை!